ஷெரீஃபின் மூன்றாவது ஏலம்

குதிரைக்கு ஷெரீஃப் என்று பெயர் வைத்தவன் சொசா. நெற்றியில் ஷெரீஃப் வில்லைபோல வெள்ளை நட்சத்திரம் இருந்ததால் வைத்தேன் என்று மேலே இருப்பவர்களிடம் சொன்னான். உண்மையான காரணம் எங்கள் பட்டியில் எல்லோருக்கும் தெரியும். எங்களில் ஒவ்வொருவனையும் ஏதோ ஓர் ஊர் ஷெரீஃப்தான் விலங்கு மாட்டி வண்டியில் ஏற்றியிருக்கிறான். காலையில் எழுந்து ஒரு ஷெரீஃபின் தலையில் கயிறு மாட்டி, நில் என்றும் திரும்பு என்றும் அதட்டும் பாக்கியம் நெவாடாவில் வேறு எந்தக் கைதிக்குக் கிடைக்கும்?

"ஷெரீஃப் சாணி போட்டுட்டாரு, யாராவது வந்து மரியாதையா அள்ளுங்கப்பா," என்று சொசா தினமும் கத்துவான். பன்னிரண்டு பேரும் தினமும் சிரிப்போம். சிறைக்குள் ஒரே சிரிப்பை வருஷக்கணக்கில் வைத்து ஓட்டலாம்.

ஷெரீஃப் அழகன் இல்லை. செம்மறிக்கிடாய்க்கு இருப்பதுபோல் வளைந்த மூக்கு, குட்டைக் கழுத்து, மலையில் ஏதோ சண்டையில் பாதி போன இடது காது. ஹெலிகாப்டர் வைத்து விரட்டி இறக்கிய காட்டுக் குதிரைகளில் ஒருவன். அரசாங்கம் அவனை இரண்டு தடவை தத்துக் கொடுக்கப் பார்த்தது. முதலில் ஒரு கண்காட்சித் திடலில், அப்புறம் கம்ப்யூட்டரில் படம் போட்டு. அந்த மூஞ்சியைப் படத்தில் பார்த்துவிட்டு எவன் கேட்பான்? மூன்றாவது தடவையும் யாரும் கேட்காவிட்டால் அவனுடைய தாள் மாறிவிடும். தத்துக் குதிரையாக இருந்தவன் விற்பனைக் குதிரை ஆகிவிடுவான்.

இரண்டுக்கும் இருக்கிற தூரம் பெரியது. தத்து எடுப்பவர் வீட்டில் வேலி ஆறடி இருக்கிறதா, நிழல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒரு வருஷம் வரை குதிரை அரசாங்கத்துடையதுதான். எலும்பு தெரிகிறதா என்று ஆள் வந்து பார்த்துவிட்டுத்தான் பத்திரம் தருவார்கள். விற்பனைக் குதிரைக்கு இந்தச் சடங்கெல்லாம் கிடையாது. லாரியோடு வருகிறவன் எடை போட்டு ஏற்றிக்கொண்டு போய்விடுவான். எங்கே போகிறது என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை. பதில் என்ன என்று உள்ளூரத் தெரிந்தால் வாய் தானாக மூடிக்கொள்ளும்.

என் பெயர் கார்லன். ஐம்பத்தொரு வயது. குடித்துவிட்டு வண்டி ஓட்டினேன், பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிளே செத்துப்போனான். கிளே என் அக்கா நெட்டியின் கணவன். இதை இதைவிடப் பதமாகச் சொல்ல எனக்குத் தெரியாது; சொல்லவும் கூடாது. கோர்ட்டில் நெட்டி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். என்னைத் திட்டவில்லை, அழவில்லை. நீதிபதி பேசி முடித்ததும் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். அதற்கப்புறம் ஐந்து வருஷம் அவளிடமிருந்து ஒரு வரி இல்லை.

ஜூன் மாதம் ஒரு கடிதம் வந்தது. மேலே "அன்புள்ள" இல்லை, கீழே பெயரும் இல்லை. ஆனால் கையெழுத்து எனக்குத் தெரியாதா?

கிளேயின் குதிரை வயதாகிப் போய்ச் சேர்ந்துவிட்டதாம். மேய்ச்சலில் இருக்கிற மாடுகளைத் திருப்பிக் கொண்டுவர ஒரு குதிரை வேண்டுமாம். உங்கள் சிறையில் பழக்குகிற குதிரைகள் நன்றாக இருப்பதாகப் பேப்பரில் படித்தேன், சாதுவாக ஒன்று இருந்தால் எழுது, எனக்கு இடுப்பு சரியில்லை, முரட்டுக் குதிரையோடு மல்லுக்கட்ட முடியாது. அவ்வளவுதான். ஆறு வரி. நான் அதைப் பதினைந்து தடவை படித்தேன். ஐந்து வருஷமாக என்னால் இந்த உலகத்தில் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை. இப்போது நெட்டி என்னிடம் ஒன்று கேட்கிறாள்!

பட்டியின் தலைவர் பர்டெட்டிடம் கடிதத்தைக் காட்டினேன். அவர் கைதி இல்லை, சம்பளத்துக்கு வருகிற குதிரைக்காரர். அந்த வருஷம் முழங்காலில் அறுவை செய்திருந்ததால் வேலிக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தபடி கத்திக்கொண்டிருந்தார்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? ஜட்ஜைக் குடு," என்றார்.

ஜட்ஜ் என்பது சொசா பழக்கிய சாம்பல் நிறப் பெட்டைக் குதிரை. வழக்கு நடக்கும்போது தூங்கிய நீதிபதி ஒருவரின் நினைவாக வைத்த பெயர். அது நின்றால் தூங்கும், நடந்தாலும் பாதித் தூக்கம்தான். முதுகில் ஏறி நின்று பாட்டுப் பாடினாலும் கண்டுகொள்ளாது.

"ஷெரீஃபைக் குடுக்கலாம்னு பாக்குறேன்," என்றேன்.

பர்டெட் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "இடுப்பு சரியில்லைன்னு எழுதியிருக்காங்களே, அதைப் படிச்சியா இல்லியா?"

"அக்டோபர் வரைக்கும் நாள் இருக்கு. அதுக்குள்ள பஞ்சு மாதிரி ஆக்கிக் காட்டுறேன், நீங்க பாருங்க."

"பஞ்சு வேணும்னா ஏற்கெனவே ஒண்ணு பட்டியில நின்னு தூங்குது. நீ எதுக்கு முள்ளை எடுத்து பஞ்சாக்கணும்?"

"ஜட்ஜை யார் வேணா எடுத்துருவாங்க. இவனை யார் எடுப்பா?"

"ஓ," என்றார் பர்டெட். அவ்வளவுதான் சொன்னார். அந்த "ஓ"விலேயே எல்லாம் இருந்தது, நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடிக்கப் போகிற குஷியில் இருந்தேன். குதிரையும் பிழைக்கும், நெட்டிக்கும் குதிரை கிடைக்கும். எழுதிப் போட்டேன்: ஷெரீஃப் என்று ஒருவன் இருக்கிறான், பார்க்கச் சுமார், ஆனால் ரொம்பச் சாது. அன்றைக்கு ஷெரீஃபை நான் தொட்டதுகூடக் கிடையாது.

தொட இருபத்துமூன்று நாள் ஆனது. வட்டப் பட்டிக்குள் போவேன், நடுவில் நிற்பேன். அவன் வேலியை ஒட்டிச் சுற்றிச் சுற்றி ஓடுவான். அவன் நின்று என்னைப் பார்த்தால் நான் உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டு விலகுவேன். நின்றால் தொல்லை போகும் என்று அவனுக்குப் புரியவேண்டும். எங்கள் வித்தை அவ்வளவுதான்; நெருங்குவதைவிட விலகத் தெரிய வேண்டும். இருபத்துமூன்றாம் நாள் நான் திரும்பி நின்றிருந்தபோது முதுகில் சூடாக ஒரு மூச்சு பட்டது. அசையவில்லை. சட்டைக் காலரை உதட்டால் பிடித்து இழுத்துப் பார்த்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. வேலிக்கு வெளியே இருந்து சொசா, "கிழவா, ஷெரீஃப் உன்னை அரெஸ்ட் பண்றாருடா," என்றான். திரும்பிப் பார்த்தால் அவன் கண்ணிலும் தண்ணீர்.

அதற்கப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. ஆகஸ்டில் சேணம், செப்டம்பரில் முதுகில் நான். குளம்பைத் தூக்கினால் கொடுத்தான். தார்ப்பாயை இழுத்துக்கொண்டு நடந்தான். டிரெய்லரில் ஏறு என்று கயிற்றை லேசாகத் தொட்டாலே போதும், ஏறிவிடுவான். சாயங்காலம் வேலை முடிந்து நான் நிற்கும்போது, அந்தக் கோணல் மூக்கை என் மார்பில் முட்டுக்கொடுத்து அப்படியே கண்ணை மூடுவான். என்னை நம்புகிற ஒரு ஜீவன் பூமியில் இருக்கிறது என்பது எனக்கு எப்படி இருந்தது என்று சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும்.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை.

சனிக்கிழமைகளில் பர்டெட்டின் மனைவி லொரீன் வருவார். குதிரைகளுக்கு வெளியுலகத்தைக் காட்டுவதற்காகவே வருவார். பூப்போட்ட பாவாடை கட்டிக்கொண்டு, குடையை விரித்து மூடி, பிளாஸ்டிக் பையைச் சலசலக்கவிட்டு, சத்தமாகப் பேசிச் சிரித்தபடி பட்டிக்குள் நடப்பார். நாங்கள் எல்லோரும் ஆண்கள். எல்லோருக்கும் ஒரே மஞ்சள் சட்டை, முதுகில் கறுப்பு எழுத்து, ஒரே சலவையிலிருந்து ஒரே சோப்பு வாசனையோடு வருவது. எங்களோடு மட்டும் வளர்கிற குதிரை வெளியே போனால் திணறும் என்பது பர்டெட்டுக்குத் தெரியும். ஆகஸ்டில் லொரீன் முதல் தடவை ஷெரீஃபின் பக்கம் வந்தபோது அவன் பின்கால்களில் எழுந்து நின்று வேலியை உதைத்தான். லொரீனின் தொப்பியைப் பார்த்து மிரண்டான் என்று நான் சொன்னேன். இப்போதுதான் சேணம் போட ஆரம்பித்திருக்கிறேன், வீணாக மிரட்ட வேண்டாம், அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். அடுத்த வாரம் சனிக்கிழமை அவனைத் தூரத்துப் பட்டிக்கு ஓட்டிக்கொண்டு போனேன். அதற்கடுத்த வாரமும் அப்படித்தான். பர்டெட்டால் அவ்வளவு தூரம் நடந்து வர முடியாது. என் கையில் அவ்வளவு அழகாக நடந்துகொள்கிறவன் வேறொருவர் முன்னால் கெட்ட பெயர் வாங்குவதை என்னால் பார்க்க முடியவில்லை. இதற்குப் பெயர் பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் இரண்டாம் சனிக்கிழமை கேட்டைத் திறந்துவிட்டார்கள். பிக்கப் வண்டிகளும் டிரெய்லர்களும் புழுதி கிளப்பிக்கொண்டு வந்தன. ஏலத்துக்கு முன்னால் குதிரையைப் பற்றி வாங்க வந்தவர்களோடு பத்து நிமிஷம் பேசலாம், காவலர் பக்கத்தில் நிற்பார். எங்கள் பக்கம் நின்றவர் டென்ஹாம், மீசைக்காரர், கெட்டவர் இல்லை.

நெட்டியை நடையிலேயே அடையாளம் தெரிந்தது. இடது பக்கம் லேசாகச் சாய்ந்து வந்தாள். நீல நிற நீளக் கோட்டு. தலை முழுக்க நரைத்துவிட்டது. வேலிக்குப் பத்தடி தள்ளி நின்றாள்.

"இளைச்சுட்டே," என்றாள்.

"இங்க சாப்பாடு அப்படி."

"வெளியில இருந்தப்ப மட்டும் நீ என்ன சாப்பிட்டே? குடிச்சதுதான்."

நான் கயிற்றைச் சுருட்டினேன். அவள் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"இவன்தானா?"

"இவன்தான்."

"என்ன மூஞ்சி இது? யாரோ கதவுல வெச்சு நசுக்கின மாதிரி."

"மூஞ்சியை வெச்சா மாடு ஓட்டப் போறே?"

அவள் வாயோரம் ஏதோ அசைந்தது. சிரிப்பு என்று சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் சிரிப்பு இருக்கிற இடம் அதுதான்.

"வேலியை ஆறடிக்கு உசத்திட்டேன். நானே கட்டினேன், பக்கத்து வீட்டு ஆளை வெச்சுக்கிட்டு," என்றாள். "நிஜமாவே சாதுவா?"

"சாது, நெட்டி."

"ஏன் மூலையில போய் நிக்குறான்?"

ஷெரீஃப் அவள் குரலைக் கேட்டதிலிருந்தே பட்டியின் கோடிக்குப் போய், கழுத்தை நிமிர்த்தி, மூக்குத்துளையை விரித்து நின்றான்.

"கூட்டத்தைப் பாத்து. சரியாயிடுவான்," என்றேன். "ஒண்ணும் ஆகாது."

அவள் என்னை ஒரு நொடி அதிகமாகப் பார்த்தாள். அப்புறம் போய் உட்கார்ந்தாள்.

ஜட்ஜை வாங்க மூன்று பேர் போட்டி போட்டார்கள். அது அரங்கத்தின் நடுவிலேயே தூங்கிவிட்டது, ஜனம் கைதட்டியது. ஷெரீஃப் ஒன்பதாவது. நான் முதுகில் இருந்ததால் அவன் கூட்டத்தைச் சட்டை செய்யவில்லை. எட்டுப் போட்டான், பின்னால் நடந்தான், நான் இறங்கியதும் நான்கு குளம்பையும் வரிசையாகக் கொடுத்தான். என் வாழ்க்கையில் எதையும் நான் அவ்வளவு ஒழுங்காகச் செய்ததில்லை.

"இந்த ஷெரீஃப் சார் தேர்தல்ல நின்னா நான் ஓட்டு போடுவேன், போஸ்டர்ல மட்டும் படம் வேணாம்," என்றார் ஏலக்காரர். சிரிப்பு எழுந்தது. "யாருங்க ஆரம்பிக்குறது? யாராவது?"

யாரும் இல்லை. கூட்டத்தில் தொப்பிகள் அசையவில்லை. இரண்டாவது தடவை கேட்டார். மூன்றாவது வரிசையில் நெட்டி தன் எண் அட்டையைத் தூக்கினாள். எதிர்த்து ஒரு அட்டையும் எழவில்லை. முடிந்தது. பட்டிப் பக்கமிருந்து சொசா விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தான், மலை வரை கேட்டிருக்கும். நான் குதிரையின் பிடரியில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். பிழைத்துவிட்டாய்டா என்றேன். அவனிடம்தான் சொன்னேன். என்னிடமும்தான்.

எங்கள் பட்டியில் ஒரு வழக்கம் உண்டு. பழக்கியவன் கயிற்றைத் தன் கையாலேயே தத்து எடுப்பவர் கையில் கொடுக்க வேண்டும். அவர் குதிரையை ஒரு சுற்று நடத்திவிட்டு வந்த பிறகுதான் கையெழுத்து. பின்பக்கம் சின்னப் பட்டியில் சேணத்தை இறக்கிவிட்டு நான் காத்திருந்தேன். நெட்டி கதவைத் திறந்து உள்ளே வந்தாள். நல்ல குதிரைக்காரி, அவசரப்படவில்லை, நேராக வரவில்லை, பக்கவாட்டில் தோளைக் காட்டிக்கொண்டு வந்தாள். கயிற்றை அவள் கையில் வைத்தேன். அவள் விரல் என் விரலில் பட்டது, ஐந்து வருஷத்துக்கு அப்புறம்.

"வாடா பையா," என்றாள் மெதுவாக. "வா, வீட்டுக்குப் போலாம்."

ஷெரீஃப் பிறந்ததிலிருந்து அவ்வளவு பக்கத்தில் ஒரு பெண் குரலைக் கேட்டதில்லை. அந்தக் கோட்டின் ஓரம் காற்றில் படபடத்தது. அவன் அப்படியே பின்னால் பாய்ந்தான். கயிறு நெட்டியின் உள்ளங்கையை அறுத்துக்கொண்டு ஓடியது. வேறு யாராக இருந்தாலும் விட்டிருப்பார்கள். அவள் பிடியை விடவில்லை. அவளை இழுத்துக்கொண்டு போய் இரும்பு வேலியில் அடித்தான். இடுப்புதான் முதலில் பட்டது. அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

நான் நெட்டியிடம் ஓடுவதா, குதிரையிடம் ஓடுவதா என்று நின்றிருக்கையில், சொசா வேலியைத் தாண்டி உள்ளே குதித்தான். ஷெரீஃபை அதுவரை தொட்டேயிராதவன் அவன். நேராக நடந்து போனான். வியர்வை வழிய நடுங்கிக்கொண்டிருந்த குதிரை அவனைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டது. இரண்டு எட்டு முன்னால் வந்து, கோணல் மூக்கை அவன் மார்பில் வைத்து முட்டுக்கொடுத்துக் கண்ணை மூடியது.

மஞ்சள் சட்டை மார்பில்.

சொசா குதிரைக்கு மேலாக என்னைப் பார்த்தான். அவன் முகத்தில் கேலி இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நெட்டி வேலியைப் பிடித்து எழுந்து நின்றாள். உள்ளங்கையிலிருந்து ரத்தம் கோட்டில் சொட்டியது. "அவனுக்கு உன்னைத் தெரியாது, கார்லன்," என்றாள். "சட்டையைத்தான் தெரியும்."

அடுத்து நான் செய்ததை யோசித்துச் செய்யவில்லை. சட்டையைக் கழற்றினேன். கைதி வெளியாள் முன்னால் சட்டையைக் கழற்றக் கூடாது; அதை வெளியாள் கையில் கொடுப்பது அதைவிடப் பெரிய குற்றம். தப்பியோடுகிற வேலை என்று எழுதுவார்கள்.

"கார்லன்! போடு அதை!" என்று டென்ஹாம் கத்தினார்.

"ஒரே நிமிஷம் சார், கும்பிட்டுக் கேக்குறேன், ஒரே நிமிஷம்." நெட்டியிடம் நீட்டினேன். "இதைப் போட்டுக்க. போட்டுக்கிட்டுக் கிட்டப் போ. பாரு, வருவான்."

வெள்ளை பனியனோடு நான் நிற்பதை ஷெரீஃப் பார்த்தான். "நான்தாண்டா," என்றேன். முழுசாக இருந்த காது என் குரலுக்குத் திரும்பியது. கால்கள் ஓர் அடி பின்னால் போயின.

நெட்டி அந்தச் சட்டையை வெகுநேரம் பார்த்தாள். பிறகு கோட்டைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டு அதை மாட்டிக்கொண்டாள். தோள் தொங்கியது, கை நீளம். முதுகில் கறுப்பு எழுத்தில் கைதி என்று இருந்தது. சொசாவிடமிருந்து கயிற்றை வாங்கினாள், வாயைத் திறக்கவில்லை. ஷெரீஃப் காலரை முகர்ந்தான், கைமடிப்பை முகர்ந்தான், தலையைத் தாழ்த்தி அவள் மார்பில் வைத்தான். அவள் காயம்பட்ட கையை அவன் கழுத்தில், அரசாங்கம் குத்திய அடையாள முத்திரைக்கு மேல் வைத்துக்கொண்டாள். டென்ஹாம்கூடக் கத்துவதை நிறுத்திவிட்டார். நெட்டியின் தோள் குலுங்கியது. எத்தனை நாளைக்கு அப்புறம் எதையாவது அவள் இப்படிக் கட்டிப் பிடித்திருக்கிறாளோ. எல்லாம் சரியாகிவிட்டது என்று அப்போது நான் நினைத்தேன், கடவுளே, முழுசாக நினைத்தேன்.

அவள் கயிற்றைச் சொசாவிடம் கொடுத்தாள். சட்டையின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள்.

"நெட்டி, ஒரு மாசம் இதையே போட்டுக்க. இல்ல, இந்த மாதிரி மஞ்சள்ல ஏதாவது. அப்புறம் கொஞ்சங்கொஞ்சமா..."

"கிளேயோட சட்டை ஒண்ணு இன்னும் கதவுக்குப் பின்னாடி தொங்குது," என்றாள். "அதையே நான் எடுத்துப் போட்டதில்ல. தினமும் காலையில உன் சட்டையைப் போட்டுக்கிட்டு அவன் வீட்டுப் படியில இறங்கச் சொல்றியா?"

"யாரும் எடுக்கலைன்னா இவனை லாரியில ஏத்திடுவாங்க. இதுதான் கடைசித் தடவை."

"இவன் இப்படின்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

நான் ஷெரீஃபைப் பார்த்தேன்.

"பொம்பளையைக் கண்டா மிரளுவான்னு?"

தரையைப் பார்த்தேன்.

"தெரிஞ்சுதான் இன்னிக்கும் எனக்குச் சாதுன்னு சொன்னே." அவள் குரல் உயரவே இல்லை. "கிளேகிட்டயும் அன்னிக்கு இதைத்தான் சொன்னே. நான் வாசல்ல நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். ஏறு, ஒண்ணும் ஆகாதுன்னே."

சட்டையை மடித்து வேலிக்கம்பியில் வைத்தாள். துவைத்த துணியை மடிப்பதுபோல ஒழுங்காக மடித்தாள். கோட்டை எடுத்துக்கொண்டு, இடுப்பைப் பிடித்தபடி நொண்டி நொண்டிப் போனாள். கொஞ்ச நேரத்தில் காலி டிரெய்லர் கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டு கேட்டைத் தாண்டியது. வண்டியில் கனம் இல்லாததால் அவ்வளவு சத்தம்.

செவ்வாய்க்கிழமை என் விசாரணை மதியம் என்று சொல்லியிருந்தார்கள். குதிரைகளிடமிருந்து எடுத்துச் சலவை வேலைக்கு மாற்றுவார்கள், அது விசாரிக்காமலே தெரிந்த தீர்ப்பு. லாரி காலையிலேயே வந்துவிட்டது. ஷெரீஃபோடு சேர்த்து யாரும் கேட்காத பதினான்கு. பர்டெட் என் அறைக்கே ஆள் அனுப்பினார். ஊன்றுகோலோடு பட்டிக் கதவருகில் நின்றிருந்தார்.

"லாரிக்காரன் குச்சியில கொடி கட்டி வெச்சிருக்கான்," என்றார். "அடிச்சு விரட்டித்தான் ஏத்துவான். உனக்கு இஷ்டம் இல்லைன்னா திரும்பிப் போயிடு, நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்."

"சனிக்கிழமையெல்லாம் நான் ஷெரீஃபை..." என்று ஆரம்பித்தேன். அவர் மனைவியைப் பற்றி, அந்தச் சனிக்கிழமைகளைப் பற்றிச் சொல்ல நினைத்தேன்.

"எனக்குத் தெரியும்," என்றார் பர்டெட். "லொரீன் அன்னிக்கே சொன்னா. வந்து பாத்திருக்கணும். நாற்காலியை விட்டு எழுந்திரிக்காம இருந்துட்டேன்."

லாரிக்காரன் இளவயசுக்காரன், கண்ணில் தூக்கம். கொடியை உதறிக்கொண்டு வந்தான். "கொடி வேணாம்," என்றேன். "நான் கூட்டிட்டு வர்றேன்."

சலவையிலிருந்து வந்த புதுச் சட்டை போட்டிருந்தேன். ஷெரீஃப் என்னைப் பார்த்ததும் பட்டியின் மறுகோடியிலிருந்து நடந்து வந்தான், கூப்பிடக்கூட இல்லை. தலையில் கயிற்றை மாட்டினேன். முட்டினான், கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு நடந்தேன். மற்ற பதின்மூன்றும் உள்ளே மிரண்டு லாரியின் பலகைகளை உதைத்துக்கொண்டிருந்தன. ஷெரீஃபின் காதுகள் அந்தச் சத்தத்துக்கு விறைத்தன. சரிவுப் பலகையின் அடியில் ஒரு நொடி நின்றான், அதை முகர்ந்தான், என்னைப் பார்த்தான். நான் கயிற்றை லேசாகத் தொட்டேன். ஏறிவிட்டான்.

உள்ளே தலைக்கயிற்றை அவிழ்த்தேன். தலைக்கயிறு அரசாங்கத்துடையது, கூட அனுப்பக் கூடாது. பிடரியில் ஒட்டியிருந்த வைக்கோலை எடுத்துவிட்டேன். திரும்பி இறங்கினேன்.

பின்னால் பலகையில் குளம்புச் சத்தம் கேட்டது. நான் இறங்கியதால் அவனும் இறங்க வந்திருந்தான். கழுத்தை நீட்டி என் காலரை உதட்டால் பிடித்துக்கொண்டான்.

"அடைங்கய்யா சீக்கிரம்," என்றான் லாரிக்காரன்.

ஷெரீஃபின் உதட்டை என் விரலால் விடுவித்து, மார்பில் கைவைத்து அவனைப் பின்னால் தள்ளினேன். சொன்னபடி கேட்டான், இரண்டு அடி பின்னால் போய் நின்றான். நான் குறுக்குக் கம்பியைப் போட்டேன்.